கூட்டமில்லாத மேஜரைப் போட்டால் இடம் கிடைத்துவிடுமா?

கேள்வி: மகள் சென்னையில் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் யேல், கார்னெல், பெர்க்லி என்ற மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கப் போகிறாள். மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, அவளுக்குப் பிடித்தது கணினி அறிவியல். "அதற்குக் கூட்டம் அதிகம். கிளாசிக்ஸ் என்று போடுங்கள், உள்ளே போனதும் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் கன்சல்டன்ட். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம்.

இந்த யோசனை நம் ஊர் பொறியியல் கவுன்சலிங்கிலிருந்து வந்தது. அங்கே எல்லாம் கட்-ஆஃப் கணக்கு. கம்ப்யூட்டர் கிடைக்காதவர் சிவிலை எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்லும் கல்லூரிகளில் துறைவாரியாக அப்படியொரு கட்-ஆஃப் பட்டியல் கிடையாது. விண்ணப்பத்தை ஆள் உட்கார்ந்து படிக்கிறார்.

அவர் கண்ணில் என்ன படும் என்று யோசியுங்கள். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்து இடம் உண்டு. ரோபோ போட்டி, கோடிங் கிளப், பள்ளிக்காகச் செய்த ஆப் என்று உங்கள் மகள் வரிசையாக எழுதியிருப்பாள். மேஜர் என்ற இடத்தில் மட்டும் கிளாசிக்ஸ், அதாவது பழைய கிரேக்கமும் லத்தீனும். லத்தீனில் ஒரு வரிகூடப் படித்திராத பெண்! யேல் சும்மா விடாது. துறைகள் மூன்று வரை குறிக்கச் சொல்லிவிட்டு, அவற்றில் உன்னை ஈர்க்கும் விஷயம் எது, ஏன் என்று ஒரு குட்டிக் கட்டுரையும் கேட்கும். அதை யார் எழுதப் போகிறார்? கன்சல்டன்ட்தான். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குவார்.

இத்தனைக்கும் யேலில் இந்தத் தந்திரத்துக்கு வேலையே இல்லை. அங்கே மேஜருக்கென்று இடம் ஒதுக்கிச் சேர்ப்பதில்லை, சேர்ந்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் அப்படித்தான். எம்.ஐ.டி.யில் முதலாண்டு முடிகிற சமயத்தில் மேஜரைச் சொன்னால் போதும். கார்னெலில் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அந்தக் கல்லூரிக்கென்று தனிக் கட்டுரையும் உண்டு. ஆகவே அங்கே யோசிக்க வேண்டியது முதலில் கல்லூரியைப் பற்றி.

பெர்க்லி கதையே வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பல குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். முன்பெல்லாம் பெர்க்லியில் கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, தொடக்கப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கணினி மேஜருக்குப் போகிற வழி இருந்தது. உங்கள் கன்சல்டன்ட் சொல்வது அந்தக் காலத்துக் கதை. 2023 முதல் கணினிக்கு நேரடிச் சேர்க்கை. வேறு துறையில் சேர்ந்தவர் பிறகு மாற வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதற்கான இடங்கள் மிகக் குறைவு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்திலும் இதே நிலை. கார்னகி மெலனில் கணினிப் பள்ளிக்குச் சேர்க்கையே தனி. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் பின்வாசல் நுழைவை நம்பிப் போகக் கூடாது. இங்கெல்லாம் கிளாசிக்ஸ் என்று போட்டு இடம் கிடைத்தால், நான்கு வருடமும் கிளாசிக்ஸ்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் தேவை அடிப்படையிலான உதவித்தொகை தருவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முழுப் பணத்தையும் நீங்கள் கட்ட, பிடிக்காத பாடத்தை அவள் படிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் லேசுப்பட்டவையல்ல. "நாங்கள் மேஜர் பார்த்துச் சேர்ப்பதில்லை" என்று ஒரு பக்கத்தில் பெரிதாக எழுதுவார்கள். எந்தத் துறைக்குப் பிறகு மாற முடியாது என்பது எங்கோ நாலு பக்கம் தள்ளி, படித்தவருக்கே புரியாத நடையில் கிடக்கும். பதினேழு வயதுப் பிள்ளை இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்த இருட்டில்தான் கன்சல்டன்சிக்காரர்கள் கடை விரிக்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். யேல், ஹார்வர்ட் போன்றவை மாணவர்களைப் பிடித்துத் தர ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் கமிஷன் தருகிற வேறு கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் கன்சல்டன்ட் மேஜர் தந்திரம் சொல்லிவிட்டு, அப்புறம் "பாதுகாப்புக்கு" என்று பெயர் கேள்விப்படாத நாலு கல்லூரியைச் சேர்க்கச் சொன்னால், அவற்றிடமிருந்து பணம் வாங்குகிறாரா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

சரி, என்னதான் போடுவது? பெர்க்லிக்குக் கணினியையே போடுங்கள். கிடைக்காமல் போகலாம், போகட்டும். வேறு துறையும் அவளுக்கு உண்மையாகவே பிடிக்கும் என்றால் மட்டும் அதைப் போடலாம். யேலுக்குக் கணினியோடு அவள் மனசு போகிற இன்னொரு துறையையும் குறிக்கலாம். தமிழ் இலக்கணத்தில் ஆர்வம் உள்ளவள் என்றால் மொழியியல், தாயக்கட்டத்திலும் நிகழ்தகவு பார்க்கிறவள் என்றால் புள்ளியியல். அவளாகவே பத்து நிமிடம் பேசக்கூடிய துறையாக இருந்தால் சரி.

கடைசியாக ஒன்று. காமன் ஆப் கணக்கு உங்கள் மகளின் மின்னஞ்சலில், அவளுடைய கடவுச்சொல்லோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கன்சல்டன்சியின் மின்னஞ்சலில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். யேல் முன்கூட்டிய சேர்க்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 1. அதற்கு முந்தைய இரவில் படிவத்தைத் திறந்து பார்த்து, யாரோ மேஜரை மாற்றி அனுப்பியும் விட்டிருப்பதைக் கண்டால், படிவத்தில் திருத்த முடியாது.