எழுத்துக்கு நிறம் கிடையாது: வண்ணம் தீட்டும் பிள்ளைகளும் பெற்றோர் கேள்விகளும்

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம்தான் ஆகிறது, அதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மூன்றரை வயது மகள் ‘அ’ முதல் ‘ஔ’ வரை ஒரு புத்தகம் முழுக்க வண்ணம் தீட்டி முடித்துவிட்டாள். ஆனால் கடைப் பலகையில் ‘அ’வைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறாள். ஏன்? (மன்னார்குடி)

அந்தப் புத்தகத்தில் ‘அ’வுக்குச் சிவப்பு, ‘ஆ’வுக்குப் பச்சை என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்களா, பாருங்கள். அப்படி இருந்தால் அவள் படித்தது நிறத்தை, எழுத்தை அல்ல. நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். மஞ்சள் அட்டையில் ‘ம’ எழுதித் தொங்கவிட்டேன், வகுப்பே டாண் டாண் என்று சொன்னது, நானும் பூரித்துப் போனேன். அட்டை கிழிந்து வெள்ளை அட்டை மாட்டிய அன்றைக்குப் பாதிப் பேர் திருதிருவென்று பார்த்தார்கள்.

ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளைக் கலந்து எழுதுங்கள். பெரிது, சிறிது, தடிமன், மெலிசு எல்லாம் இருக்கட்டும். நடுவில் ஐந்தாறு ‘அ’. அவற்றை மட்டும் தேடிப்பிடித்து, கைக்கு வந்த நிறத்தைப் பூசட்டும். அப்போதுதான் கண் வடிவத்தைத் தேடும். ஒவ்வொன்றைப் பிடிக்கும்போதும் ‘அ’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். பிள்ளையிடம் கிரேயானைக் கொடுத்துவிட்டு நாம் செல்போனோடு உட்கார்ந்தால் அது வெறும் வண்ணம் தீட்டல்தான். தப்பில்லை, ஆனால் எழுத்து வராது.

எ-ஏ, ஒ-ஓ, ன-ண எல்லாம் குழம்புகிறது. (கும்பகோணம்)

முதலில் ஒன்றை நன்றாகப் பழக்கிவிட்டு, சில நாள் கழித்து அதன் ஜோடியைக் கொண்டுவாருங்கள். இரண்டும் தெரிந்த பிறகு பென்சிலால் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வேறுபடுகிற இடத்துக்கு மட்டும் வண்ணம் பூசச் சொல்லுங்கள்: ‘ஏ’வில் கீழே சரிந்து இறங்கும் கோடு, ‘ஓ’வில் கடைசிச் சுழி. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் நம் பாட்டிமார் சொன்ன ரெண்டு சுழி, மூணு சுழியே போதும், சுழியை எண்ணிக்கொண்டே தீட்டட்டும். ல-ள-ழ வேறு கதை. அது கண்ணில் வரும் குழப்பம் அல்ல, காதில் வருவது. வீட்டில் நாமே ‘வாளப்பளம்’ என்று சொல்லிக்கொண்டு கிரேயானைக் குறை சொல்லி என்ன பண்ண?

‘அ’விலிருந்துதானே தொடங்க வேண்டும்? (பூந்தோட்டம்)

பக்கத்திலேயே கூத்தனூர் சரஸ்வதி கோயில், விஜயதசமிக்கு நெல்லில் ‘அ’ எழுதி வைத்திருப்பீர்கள். நல்லது, அது ஆசீர்வாதம். ஆனால் ‘அ’ சின்னக் கைக்குக் கஷ்டமான எழுத்து. சுழியும் வளைவும் நிமிர்ந்த கோடும் ஒன்றாக வருகின்றன. மறுநாள் ‘ட’, ‘ப’ என்று தொடங்குங்கள், எல்லாம் நேர்க்கோடு. கூடவே ‘ம’ வந்தால் ஒரு புள்ளி வைத்து ‘படம்’ என்றே படித்துவிடலாம். அந்தப் புள்ளியைக் கலர் பென்சிலால் வைக்கச் சொல்லுங்கள், கோலம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் புள்ளி வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொத்தம் 247 எழுத்து என்று பயப்படாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு துணைக்கால், கொம்பு போன்ற குறிகள் பிடிபட்டால் உயிர்மெய் 216-இல் பெரும்பகுதி தானாக வரும். உகர ஊகார வரிசைதான் கொஞ்சம் படுத்தும்.

புத்தகத்தில் ‘ஒ’வுக்கு ஒட்டகம் போட்டிருக்கிறார்கள். பையன் மாடு என்கிறான். (திருத்துறைப்பூண்டி)

அவனைச் சொல்லிக் குற்றமில்லை! படத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி ஒட்டடைக்குச்சி வரைந்துவிடுங்கள். ‘ஓ’வுக்கு வேலியில் ஓடும் ஓணான், ‘எ’வுக்கு எருமை, ‘ந’வுக்கு நண்டும் நாரையும். வயலில் பார்த்ததைத் தீட்டும்போது வாய் தானாகப் பெயரைச் சொல்லும்.

தாத்தா ‘லை’யைத் தும்பிக்கை வைத்துப் பழைய மாதிரி எழுதித் தருகிறார். (நீடாமங்கலம்)

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறிய எழுத்துகளில் அதுவும் ஒன்று; ணை, ளை, னையும் அப்படித்தான். தாத்தா எழுதுவது தப்பில்லை. ஆனாலும் முதல் இரண்டு வருஷம் பாடப்புத்தகத்தில் உள்ள வடிவம் மட்டும் போதும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தும்பிக்கையையே விளையாட்டாக வரைந்து காட்டட்டும், பிள்ளைக்கு ஒரே குஷியாக இருக்கும்.

நான்கு வயசு. கோட்டுக்கு வெளியேதான் தீட்டுகிறான், கிரேயானை முழுக் கையால் பிடிக்கிறான். (சீர்காழி)

தீட்டட்டும். நமக்கு வேண்டியது எழுத்து தெரிவது, அழகான பக்கம் அல்ல. கிரேயானை உடைத்து ஒரு அங்குலத் துண்டாகக் கொடுங்கள், மூன்று விரலுக்கு மேல் பிடிக்கவே இடமிருக்காது. எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கட்டும். கிரேயான் பிடிக்கவே மறுத்தால் தாம்பாளத்தில் கோலமாவைப் பரப்பி விரலால் எழுதவிடுங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு பெரிய மனிதராகிய பிறகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். உங்கள் பையனுக்கு என்ன அவசரம்?

எழுத்தெல்லாம் சரியாகச் சொல்கிறான், சிவப்புக்குப் பதில் பச்சையை எடுக்கிறான். (திருவையாறு)

திட்டாதீர்கள். சிவப்பு-பச்சை பேதம் தெரியாத நிறக்குருடு பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். எப்போதாவது என்றால் கவனக்குறைவாக இருக்கும், தொடர்ந்து நடந்தால் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை கிரேயான் மேல் சுற்றியிருக்கும் தாளைக் கிழிக்க வேண்டாம், அதில் ‘சி’, ‘ப’ என்று எழுதி வையுங்கள். எழுத்துதான் அவனுக்குத் தெரியுமே.