தோப்பை அடமானம் வைக்கும் முன்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகள் எந்நேரமும் கணினியில் பொம்மைப் படம் போடுகிறாளாம். கோவை மைத்துனரோ நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார். தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார்.

கவலை புரிகிறது ஐயா. ஆனாலும் வைக்காதீர்கள். மகளுக்குக் கணக்கு வேப்பங்காய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடனைக் கட்டப்போவது மைத்துனர் அல்ல. பொறியியலின் பெருமை பேச ஊரே இருக்கிறது. எனக்கு அந்த வேலை வேண்டாம்.

நீங்கள் இணைத்திருந்த அவள் படத்தைப் பார்த்தேன். அந்தி நேரத் திண்ணை, செங்காவிச் சுவர், எரியும் குத்துவிளக்கு, மடித்து வைத்த வெள்ளை வேட்டி. சுவரோரம் வேட்டியில் காவி லேசாக ஏறியிருக்கிறது; சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அதன் நிறத்தையும் சுமந்து வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விளக்குப் பக்கம் மஞ்சள், வானம் பார்த்த மடிப்பில் நீலம். ஒளி மஞ்சளா நீலமா என்று சொல்லும் அளவு நிற வெப்பநிலை; எண் கூடக் கூட நீலம். சுடருக்கு அது ஏறத்தாழ 1,900 கெல்வின். நீலவானம் மட்டுமே ஒளிதரும் நிழலில் அது 7,000-ஐத் தாண்டும். இந்த வேறுபாடு இல்லாத படத்தைப் பார்ப்பவருக்குக் குறை என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்பமாட்டார். ஒரே பிசகு, வேட்டிக்கு நூறு சதவீத வெள்ளை கொடுத்திருக்கிறாள். புதிதாக விழுந்த பனியே சுமார் 80 முதல் 90 சதவீத ஒளியைத்தான் திருப்பும். வெளுத்த வேட்டி எம்மாத்திரம்?

கணினிப் படத்துக்கு இப்படி ஒளி அமைப்பவரை லைட்டிங் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். சினிமா மட்டுமல்ல, இன்னும் கட்டாத வீட்டைப் படமாக்கி விற்கும் பில்டருக்கும், நகை விளம்பரத்துக்கும் இவர்கள் வேண்டும். வேலை தருபவர் சான்றிதழுக்கு முன் ஷோரீலைத்தான், அதாவது செய்த வேலைகளைத் தொகுத்த சிறு வீடியோவைத்தான் கேட்பார். கெடு நெருங்கினால் இரவு பகல் பார்க்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு வேலை நிச்சயம் என்று சொல்லும் அனிமேஷன் பயிற்சி நிலையங்களுக்கும் என் பதில் அதேதான்: வேண்டாம். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம். செலவு செய்தே தீர வேண்டுமென்றால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினிக்குச் செய்யுங்கள். பட்டமும் வேண்டுமா? திருச்சூரில் அரசு நுண்கலைக் கல்லூரி இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. பி.எஃப்.ஏ. என்னும் நுண்கலைப் பட்டப்படிப்புச் சேர்க்கைக்கு ஓவியத் திறன் தேர்வு உண்டு. விண்ணப்ப அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே, அவள் இன்றிலிருந்து பென்சிலிலும் வண்ணத்திலும் கைபழகட்டும். மைத்துனரிடம் நீங்களே பேசுங்கள். அதை அவள் தலையில் கட்டாதீர்கள்.