அதிபர் யாரிடம் பேசுகிறார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் படிக்கும் கல்லூரியில் பேச்சுப் போட்டி. 'நெருக்கடி காலத்தில் அதிபர்களின் உரைகள்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு உதவலாமே என்று ரூஸ்வெல்ட், கென்னடி, ரீகன், புஷ் என எல்லோரையும் யூடியூபில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கிலீஷ் பாதிதான் புரிகிறது, ஆனாலும் சிலிர்க்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. சிக்னல் கிடைத்த நேரத்தில் எல்லாம் செல்போனில் தலைவர்கள் பேசிய வீடியோக்கள்தான் வந்தன. ஒன்றுகூட மனதில் ஒட்டவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர்களுக்கு வாய்த்த பேச்சு நமக்கு ஏன் வாய்க்கவில்லை? அந்த மொழியின் மகிமையா? நெருக்கடியில் தலைவன் கர்ஜிக்க வேண்டுமா, தேற்ற வேண்டுமா? அதையும் விடுங்கள், பேச்சு என்ன தண்ணீரையா இறைக்கப்போகிறது?

– ச., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரை இறைக்காதுதான். ஆனால் 1933 மார்ச்சில் ஒரு ரேடியோ பேச்சு, வங்கியிலிருந்து பணத்தை உருவிக்கொண்டு போன ஜனங்களை மறுநாளே திரும்பக் கட்ட வரிசையில் நிற்க வைத்தது. அது எப்படி நடந்தது என்று பார்த்தால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் வந்துவிடும்.

நம் பக்கத்தில் ஒரு சீட்டுக் கம்பெனி மூடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஷட்டர் முன்னால் கூட்டம் நிற்கும். பாஸ்புக்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்த பெண்கள் வாட்ச்மேனைப் பிடித்துக்கொள்வார்கள். "துட்டு வருமா வராதா, அத்த மட்டும் சொல்லு." அந்த நேரத்தில் அவர்களிடம் போய் "தைரியமாக இருங்கள்" என்றால் அடிதான் விழும். சென்னைக்கு இது பழைய அனுபவம். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஏராளமானவர்களின் சேமிப்பு போனது. அந்த அடியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இந்த ஷட்டர் காட்சியை ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கினால் 1933இன் அமெரிக்கா கிடைக்கும். மார்ச் 4 அன்று பதவியேற்ற ரூஸ்வெல்ட், 6ஆம் தேதி நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை விட்டார். 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேடியோ முன்னால் உட்கார்ந்தார்.

பதவியேற்ற அன்று அவர் சொன்ன "நாம் பயப்பட வேண்டியது பயம் ஒன்றுக்குத்தான்" என்ற வரியைப் பேச்சுப் போட்டிக்குப் போகிற எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட அந்த ஞாயிறு இரவுப் பேச்சுதான் பெரிது. கால் மணி நேரம்கூட இல்லை. கொஞ்ச நேரம் வங்கி விஷயத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, பல விதமாகக் கடன் கொடுத்து முதலீடு செய்கிறது, அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் கொடுக்க முடியாமல் போகிறது என்று விளக்குகிறார். நாளைக்கு எந்த ஊர்களில் வங்கி திறக்கும், செவ்வாயன்று எங்கே, புதன் முதல் எங்கே என்று கிழமை வாரியாகச் சொல்கிறார். உங்கள் ஊர் வங்கி நாளை திறக்கவில்லை என்றால் அது மூழ்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்கிறார். நம் வங்கியாளர்களில் சிலர் திறமையில்லாமலோ நேர்மையில்லாமலோ நடந்துகொண்டார்கள் என்று ஒத்துக்கொள்கிறார். எல்லா வங்கியும் திறக்கும், யாருக்கும் நஷ்டம் வராது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை என்றும் சொல்கிறார். இதற்கெல்லாம் நடுவில்தான் அந்த வரி வருகிறது: மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட, திறந்த வங்கியில் பணத்தை வைப்பது பத்திரம்.

மெத்தையை அவர் சும்மா இழுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் பணத்தை அங்கேதான் வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சின் தொனியில் கர்ஜனையும் இல்லை, தேற்றுதலும் இல்லை. யார் கேட்கிறார்கள், அவர்கள் பணம் இப்போது எங்கே இருக்கிறது, நாளைக் காலை எழுந்ததும் அவர்களுக்கு என்ன சந்தேகம் வரும் என்று தெரிந்த ஒரு மனிதர் பேசுகிறார். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதே இதுதான். நெருக்கடி உரையின் தொனி பேசுகிறவரின் தொண்டையில் இல்லை. யாரை நினைத்துப் பேசுகிறாரோ, அங்கிருந்து வருகிறது.

மொழியின் மகிமை என்கிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. வட சென்னைக்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த திமுக தொடக்கக் கூட்டத்தைப் பற்றி இன்னும் பேசுகிற ஊர் இது. மழையில் நனைந்துகொண்டு பேச்சுக் கேட்ட ஜனம். நம்மிடம் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்முடைய மேடைப் பேச்சு, கேட்பதற்கென்றே கிளம்பி வந்தவர்களுக்காக வளர்ந்தது. அடுக்குமொழி, எதிர்க்கட்சிக்கு ஒரு குத்தல், கைதட்டலுக்கு ஒரு இடைவெளி. எதிரே இருப்பவர் ஏற்கெனவே நம் ஆள். நெருக்கடியில் கேட்பவர் அப்படி வந்தவர் இல்லை. அவர் மொட்டை மாடியில் நிற்கிறார், உங்களுக்கு ஓட்டுப் போடாதவராகவும் இருக்கலாம். அவரிடம் போய் அதே அடுக்குமொழியை எடுத்துவிட்டால் ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? உங்களுக்கு வந்த வீடியோக்கள் பெரும்பாலும், வெள்ளத்தில் இருந்தவர்களைப் பற்றி வெள்ளத்துக்கு வெளியே இருந்தவர்களிடம் பேசியவை.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்திருக்கிறது, அதனால் அவர்களை ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. அதிபர் புஷ் அந்த நகரத்தின் ஜாக்சன் சதுக்கத்தில் நின்று நாட்டுக்கு உரையாற்றியது செப்டம்பர் 15. ஊரே இருட்டில் கிடந்தது. சதுக்கத்துக்கும் அவருக்குப் பின்னால் தெரிந்த தேவாலயத்துக்கும் மட்டும் ஜெனரேட்டர் வைத்து விளக்குப் போட்டார்கள். உரையில் வாக்குறுதிகள் நிறைய இருந்தன, எழுத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வெளிச்சம் டிவி பார்ப்பவர்களுக்காகப் போட்டது. இதே புஷ் 2001 செப்டம்பர் 14 அன்று இரட்டைக் கோபுர இடிபாடுகளின் மேல் கை மைக்கோடு நின்றபோது, கூட்டத்தில் ஒருவர் "கேட்கவில்லை" என்று கத்தினார். "எனக்கு நீங்கள் பேசுவது கேட்கிறது" என்று திருப்பிச் சொன்னார் புஷ். எழுதி வைத்த வரி இல்லை. எதிரே தூசியோடு நின்ற மீட்புப் பணியாளர்களுக்குச் சொன்ன பதில். ஆள் அதே ஆள்தான்.

சரி, டிசம்பர் 2023க்கு வருகிறேன். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவிலும் தண்ணீர்தான். லைன்மேன் ஒருவர் தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார். மாடிகளிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். அவர் நின்று, அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "டிரான்ஸ்பார்மர் பாதி முழுகிக் கெடக்குது. இப்ப நான் லைனைக் குடுத்தா ஆள் செத்துரும். தண்ணி இறங்கணும். நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் பாக்க முடியும். எல்லாரும் மெயினை ஆஃப் பண்ணிடுங்க, கீழ் வீட்டுக்காரங்க மொதல்ல." திட்டு நின்றது. கீழ் வீட்டுக்காரர் மெயினை அணைக்க இறங்கிப் போனார். யாரும் நன்றி சொன்னதாக நினைவில்லை. கெட்ட செய்தி, காரணம், எப்போது, நீ செய்ய வேண்டியது என்ன. ரூஸ்வெல்ட் உரையில் இருந்த அத்தனையும் அதில் இருந்தது. அந்தத் தெருவில் அன்றைக்கு உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

துயரத்தில் பேசுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அங்கே சொல்வதற்குத் தகவலே இருக்காது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. அதனால் வகுப்பறைகளில் டிவியை வைத்துப் பிள்ளைகள் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு நாடாளுமன்றத்தில் ஆற்ற வேண்டிய வருடாந்திர உரையைத் தள்ளிவைத்துவிட்டு ரீகன் சில நிமிடங்கள் மட்டும் பேசினார். முதலில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் பேசுகிறார். அப்புறம் பிள்ளைகளிடம் திரும்புகிறார். புரிந்துகொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கும், சில சமயம் இப்படி வேதனையானவை நடந்துவிடுகின்றன என்கிறார். அந்த உரையை எழுதியவர் பெக்கி நூனன். கவிதை வரியோடு முடியும் அதன் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் பிள்ளைகளிடம் திரும்பிய அந்த இடத்தைக் கொண்டாடுவேன். ரீகனின் அரசியல் எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு அதிபரை இப்போது கொண்டுவருகிறேன். இவரைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தமிழர்கள் மீது தாக்குதல் தொடங்கியது. வீடு, கடை, ஆள் என்று எரிந்தது. இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் தோன்றியது 28ஆம் தேதிதான். நாடு முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. வீடிழந்த தமிழர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிங்கள மக்களின் கோபத்தை, பிரிவினைக் கோரிக்கைக்கு எழுந்த எதிர்வினையாக விளக்கினார். பிரிவினை பேசுவதைத் தடைசெய்யச் சட்டம் வரும் என்றார். கத்தவில்லை, நிதானமாகத்தான் பேசினார். தொனியை மட்டும் வைத்து மார்க் போடுகிறவர்கள் நல்ல மார்க்கே போடக்கூடும். ஆனால் அந்த உரையில் அடிபட்டவன் கேட்பவனாகவே இல்லை. அதற்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கும்மிடிப்பூண்டி முகாம் நமக்கு வடக்கே ரயிலில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

2009 மே 19 அன்று ராஜபக்ச இலங்கை நாடாளுமன்றத்தில் தமிழிலும் சில வாக்கியங்கள் பேசினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை, நாட்டை நேசிப்பவர்கள், நேசிக்காதவர்கள் என இரண்டு வகை மக்கள்தான் என்றார். அழகாகக் கேட்கும். ஆனால் எந்த வகையில் யார் என்று தீர்ப்புச் சொல்லப்போவது யார்? 2001இல் புஷ் எங்களோடு நில்லுங்கள், இல்லாவிட்டால் பயங்கரவாதிகளோடு இருக்கிறீர்கள் என்றதும் இதே கணக்குதான்.

இவற்றுக்கு நேர் எதிரே லிங்கன் நிற்கிறார். 1865 மார்ச் 4. உள்நாட்டுப் போர் முடியப்போகிறது, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டாவது பதவியேற்பு உரை, சுமார் 700 சொற்கள். வெற்றிக் களிப்பே இல்லை. இரண்டு தரப்பும் ஒரே பைபிளைப் படிக்கிறது, ஒரே கடவுளைக் கும்பிடுகிறது என்கிறார். அடிமை முறையின் பாவத்தை, எதிர்த்துப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் தலையில் மட்டும் கட்டாமல், இந்தப் போர் இரு தரப்புக்கும் வந்த தண்டனையாக இருக்கலாம் என்கிறார். அன்றைக்கு எதிரியாகத் துப்பாக்கியோடு நின்றவனும் நாளைக்குக் குடிமகன் என்பதை வைத்துப் பேசுகிறார். அடுத்த மாதம் சுட்டுக் கொன்றார்கள்.

பேச்சு நன்றாக அமைந்தும் கவிழ்ந்த கதை ஒன்று உண்டு. 1979 ஜூலை 15, ஜிம்மி கார்ட்டர். பெட்ரோலுக்கு வரிசை நின்ற காலம். தன்னைப் பற்றி மக்கள் சொன்ன குறைகளைத் தானே வாசித்துக் காட்டினார். முதலில் வரவேற்பு இருந்தது. இரண்டு நாளில் அமைச்சர்கள் அத்தனை பேரிடமும் ராஜினாமா கேட்டார், சிலரை வீட்டுக்கு அனுப்பினார், போயிற்று. உரையை நம்பி உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாரம் அரசே ஆட்டம் காண்பது போலத் தெரிந்தது. ரூஸ்வெல்ட் திங்கள் என்றால் திங்களன்று ஷட்டர் திறந்தது. அந்த வித்தியாசத்தை எந்த எழுத்தாளரும் உரையில் எழுதித் தர முடியாது.

மகளுக்கு. ஐந்து நிமிடப் போட்டி என்றால் எல்லோரையும் திணிக்க வேண்டாம். ரூஸ்வெல்ட்டின் ரேடியோ பேச்சை மட்டும் எடுத்து, அந்த வாரம் ஒரு குடும்பத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் ஜெயவர்த்தனாவின் அந்த 28ஆம் தேதியை வைக்கட்டும். அமெரிக்க உரைகளைப் பற்றித்தானே கேட்டோம் என்று நடுவர் சொன்னால், தலைப்பில் 'அதிபர்கள்' என்றுதான் இருந்தது என்று பதில் சொல்லட்டும். மூச்சு விட்டுப் பேசச் சொல்லுங்கள், கல்லூரி மைக்குகள் எப்படியும் பாதியில் கரகரக்கும்.