24-ஆவதாக வாசித்த பெயர்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் (என்.எஃப்.எல்.) ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை ஏலம் எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆராய்ந்து முதலில் எடுத்தவன் மண்ணைக் கவ்வுகிறான். 199-ஆவதாக எடுத்த டாம் பிரேடி ஏழு முறை கோப்பை வெல்கிறார். இதற்கு எதற்கு நிபுணர்கள்? பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டால் போதாதா?
– வாசகர் ஒருவர்

பதில்: போதாது.

முதலில் ஒரு திருத்தம். டிராஃப்ட் எனப்படும் இந்தத் தேர்வு ஏலம் அல்ல. ஏலத்தில் பணம் பேசும். இங்கே வரிசை பேசுகிறது. 32 அணிகள், ஏழு சுற்றுகள். சென்ற ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. எந்த அணி ஓர் இளைஞரின் பெயரை வாசிக்கிறதோ, அந்த அணியோடு மட்டும்தான் அவர் ஒப்பந்தம் பேச முடியும். இதை மறந்துவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இந்த விதிக்குள்தான் இருக்கிறது.

நிபுணர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் சரியல்ல. முதல் சுற்றில் தேர்வானவர்களை மொத்தமாகப் பார்த்தால், ஆறாம் சுற்றுக்காரர்களைவிட அதிகக் காலம் ஆடுகிறார்கள், நன்றாகவும் ஆடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஆறாம் சுற்றில் பிரேடியோடு தேர்வான எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? நிபுணர்களுக்குக் கைவராதது வேறு. அவர்களுடைய சல்லடை கல்லையும் அரிசியையும் பிரித்துவிடும். அரிசியில் எது நல்ல அரிசி என்று அதற்குத் தெரியாது. பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். களத்தில் ஒரே பொறுப்பில் ஆடும் இரண்டு பேர் அடுத்தடுத்துத் தேர்வாகிறார்கள். முன்னால் எடுக்கப்பட்டவர் உண்மையிலேயே மேலாக ஆடியது எத்தனை முறை? 100-க்கு 52. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைத்துவிடும்.

ஏன் இப்படி? நான் 2005-ஐத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஆண்டு முதல் வாய்ப்பு சான் பிரான்சிஸ்கோ அணியிடம் இருந்தது. அவர்களுக்குத் தேவை ஒரு குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, எதிராளிகள் பாய்ந்து வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர். இரண்டு பேர் கண்ணில் இருந்தார்கள். ஒருவர் யூட்டாவின் அலெக்ஸ் ஸ்மித். மற்றவர் ஆரன் ராட்ஜர்ஸ். வளைகுடாவின் அக்கரையில் பெர்க்லியில் படித்தவர், சிறுவயதிலிருந்தே அந்த அணியின் ரசிகர். ஸ்மித்தின் பெயரை வாசித்தார்கள். ராட்ஜர்ஸ் நியூயார்க் அரங்கின் காத்திருப்பு அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். பெயர் பெயராக வாசிக்க வாசிக்கத் தொலைக்காட்சிக் கேமரா அவருடைய முகத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. 24-ஆவதாக கிரீன் பே அணி அவரை எடுத்தது.

ஸ்மித்துக்கு அப்போது 20 வயது. முந்தைய ஆண்டு 16 ஆட்டங்களில் இரண்டே இரண்டு வென்ற அணியில், வந்த ஆண்டே களத்தில் இறக்கிவிட்டார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் அந்த அணியின் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளராக ஐந்து பேர் மாறி மாறி வந்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம், தனிச் சங்கேதச் சொற்கள். ஒன்றைக் கற்று முடிக்கும்போது அடுத்தவர் வந்துவிடுவார். ராட்ஜர்ஸுக்கோ மூன்று ஆண்டுகள் எந்த அவசரமும் இல்லை. அணியின் மூத்த குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார், எறியும் முறையைத் திருத்திக்கொண்டார், பிறகுதான் அணி அவர் கைக்கு வந்தது. 2011 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை வென்றார். அப்போது அவருடைய தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி. 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்மித்துக்கு வாய்த்த அந்த ஐந்து பேரில் முதலாமவர் இதே மெக்கார்த்திதான். ஓர் ஆண்டிலேயே விலகி கிரீன் பேக்குப் போய்விட்டார்.

பெயர்கள் இடம் மாறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில் என்ன அளக்கிறார்கள் என்று பாருங்கள். 40 கஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறார், எவ்வளவு உயரம் எம்புகிறார், விரித்த கை எத்தனை அங்குலம். எல்லாம் பையனைப் பற்றியது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில்கூட, போகிற இடம் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். இங்கே அந்த விசாரணையே இல்லை. மிக மோசமான அணிக்கு முதல் வாய்ப்பு என்பதால், மிகச் சிறந்தவர் என்று கருதப்படுபவர் மிக மோசமான வீட்டுக்குத்தான் பெரும்பாலும் போய்ச் சேர்கிறார்.

இடம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதே சான் பிரான்சிஸ்கோ 2021-இல் தன் முதல் சுற்று வாய்ப்புகள் மூன்றை இன்னோர் அணிக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்துக்கு ஏறி, குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸை எடுத்தது. மறு ஆண்டு இரண்டாவது ஆட்டத்திலேயே அவருக்குக் கணுக்கால் முறிந்தது. அந்த ஆண்டு டிராஃப்டில் 262-ஆவதாக, கடைசியிலும் கடைசியாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி பிறகு களமிறங்கி, 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பௌல்வரை கொண்டுபோனார். முறிவை எந்த நிபுணராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் குற்றம் சொல்வது, ஒரே ஒரு பெயர்மீது வைத்த அந்த உறுதியை. 100-க்கு 52 என்ற தொழிலில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது, மேலே ஏறுவதற்காக வாய்ப்புகளை விற்பது அல்ல. கீழே இறங்கி அதிக வாய்ப்புகளை வாங்கிக்கொள்வது. தேலரும் மாசியும் சொன்னதும் இதுதான்.

இனி உங்கள் கேள்வியின் மொழிக்கு வருகிறேன். பிரேடி 'வெல்கிறார்', முதலில் எடுக்கப்பட்டவர் 'மண்ணைக் கவ்வுகிறான்'. அந்த 'ன்' எனக்கு உறுத்துகிறது. அவராக முதலிடத்தைக் கேட்டு வாங்கவில்லை. எந்த ஊருக்குப் போவது என்றும் அவரைக் கேட்கவில்லை.

அந்த ஸ்மித் பின்னர் கேன்சஸ் சிட்டிக்குப் போனார். 2017-இல் அந்த அணி, அவருடைய இடத்துக்கென்றே, பேட்ரிக் மஹோம்ஸை 10-ஆவதாக எடுத்தது. தன் வேலையைப் பறிக்க வந்த இளைஞரை ஸ்மித் ஓர் ஆண்டு முழுவதும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு எப்படித் தயாராவது என்று காட்டிக்கொடுத்தார். தனக்கு யாரும் தராத அந்த ஓர் ஆண்டு. மஹோம்ஸ் அதைப் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். 2018 நவம்பரில், வாஷிங்டன் அணிக்கு ஆடும்போது ஸ்மித்துக்குக் கால் எலும்பு முறிந்தது. புண் சீழ்பிடித்துக் காலையே எடுக்க வேண்டிய நிலை. 17 அறுவைச் சிகிச்சைகள். 2020 அக்டோபரில் மறுபடியும் களத்தில் இறங்கினார்.

அவரை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.