வாசகர் கேள்வி: ஒன்டிரைவ் கோப்பை வேர்டில் திருத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் கோயில் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகள் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் உள்ளன. தரவிறக்கித் திருத்தினால் இரண்டு பிரதிகள் ஆகிவிடுகின்றன. கணினியிலுள்ள வேர்டிலேயே நேரடியாகத் திருத்த இயலுமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இயலும். விண்டோஸ் கணினியில் ஒன்டிரைவ் செயலிக்குள் நுழைந்தபின், அங்கே தோன்றும் ஒன்டிரைவ் கோப்புறையிலிருந்தே ஆவணத்தை வேர்டில் திறந்து திருத்திச் சேமித்தால், மாற்றங்கள் இணையச் சேமிப்பிலுள்ள அதே கோப்பில் பதிவாகும். தனிப் பிரதி உண்டாகாது. நீல மேகக் குறியுள்ள கோப்பு இணையத்தில் மட்டுமே இருப்பதால், மின்வெட்டின்போது இணைப்பு நின்றால் அது திறக்காது. ஆகவே கோப்பின்மீது வலச்சொடுக்கி, 'எப்போதும் இச்சாதனத்தில் வைத்திரு' என்னும் பொருளுள்ள தெரிவைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். இணைப்பற்ற வேளையில் இருவர் ஒரே ஆவணத்தைத் திருத்தினால் முரண் எழலாம் என்பதால், அப்போது செயலாளர் ஒருவரே திருத்துவது நல்லது.