ஸ்டுட்கார்ட்டில் மிருதங்கத்துக்கு ஆள் தேடுவது எப்படி?

கேள்வி: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் கிடார் வாசிப்பேன். மனைவி கர்நாடக சங்கீதம் கற்றவர், ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடுவார். சொந்தமாக நாலு பாட்டு மெட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். மிருதங்கம், செல்லோ சேர்த்து வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. இங்குள்ள தமிழர் வாட்ஸ்அப் குழுவில் "இசை ஆர்வலர்கள் தொடர்பு கொள்ளவும்" என்று போட்டோம். இருபது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள், ஒருவரும் வரவில்லை. எங்கே தேடுவது?

பதில்: எங்கே என்பதற்கு முன்னால் எதை வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள் என்று பார்ப்போம். "இசை ஆர்வலர்" என்றால் பாட்டுக் கேட்கிறவரும் ஆர்வலர்தான். நன்றாக வாசிக்கத் தெரிந்தவரோ, இது எத்தனை மாத வேலையோ, நம் தரத்துக்குச் சரிப்பட்டு வருமோ என்று யோசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். நாலு பாட்டில் ஒன்றை எடுத்து, கிடாரும் குரலும் மட்டும் செல்போனில் பதிந்து, இரண்டு நிமிடத்துக்கு வெட்டி அனுப்புங்கள். கூடவே மூன்று வரி போதும்: "ஆதி தாளம், ஐந்தரைக் கட்டை, அரை இடம் தள்ளி எடுப்பு. ஒரே பாட்டு, ஒரு சனிக்கிழமை மாலை, மூன்று மணி நேரம். காசு இல்லை, சாப்பாடு உண்டு." (எடுப்பு என்றால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்.) இதைக் கேட்டதும் வாசிக்கிறவரின் விரல் தானாக மேஜையில் தட்ட ஆரம்பிக்கும். தட்டுகிறவர்தான் பதில் போடுவார்.

இனி இடம். மிருதங்கத்துக்கு ஐடி நண்பர்கள் வட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். ஜெர்மனியில் ஈழத்தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வேரூன்றியவர்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், நடன வகுப்புகள், கோயில்கள் எல்லாம் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலே 2002இல் குடமுழுக்குக் கண்டது. இங்கேயே பிறந்து, ஜெர்மனில் பேசிக்கொண்டு, கன கச்சிதமாகக் கோர்வை வாசிக்கிற பிள்ளைகள் அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க நல்ல இடம் அரங்கேற்றம். அடுத்து எங்கே பரதநாட்டிய அரங்கேற்றம் என்று விசாரித்துப் போய் உட்காருங்கள். பக்கவாத்தியக்காரர்கள் மேடையிலேயே இருப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நேரே இளைஞரிடம் போகாதீர்கள். முதலில் அவருடைய ஆசிரியருக்கு வணக்கம் சொல்லி, பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். ஆசிரியர் தலையசைத்தால் ஒரு மாணவர் அல்ல, மூன்று பேர் கிடைப்பார்கள்.

கேட்கும்போது மறக்கக் கூடாத ஒன்று, அவரிடம் என்ன மிருதங்கம் இருக்கிறது என்பது. ஐந்தரைக் கட்டைக்கு ஹெச்சு சுருதி, அதாவது உயர்ந்த சுருதி மிருதங்கம் வேண்டும். வெளிநாட்டில் பலரிடம் ஒரே ஒரு வாத்தியம்தான் இருக்கும். அது தக்கு சுருதியாக, அதாவது தாழ்ந்த சுருதியாக இருந்துவிட்டால் எவ்வளவு தட்டினாலும் உங்கள் மனைவியின் சுருதிக்கு ஏறாது. குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிக்குளிரிலிருந்து ஹீட்டர் அறைக்குள் வந்ததும் தோல் நிலைகொள்ளாது. வாத்தியம் அரை மணி நேரம் அறையில் சும்மா கிடக்கட்டும், அப்புறம் சுருதி சேர்க்கலாம்.

செல்லோவுக்கு ஜெர்மானியர்களிடம் போவது எளிது. இங்கே அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டுட்கார்ட்டிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, அதன் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டலாம். 'க்ளைன்ஆன்ட்ஸைகன்' தளத்திலும் விளம்பரம் போடலாம். ராகம், கமகம் என்று அதில் பாடம் நடத்த வேண்டாம். பாட்டை அனுப்பி, நீண்ட சுரங்களாக எங்கே வாசிக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

இங்கே நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செல்லோக்காரரிடம் பாட்டு 'பி மைனர்' என்றேன். பாவம், ஒரு வாரம் பயிற்சி செய்து வந்து வில்லைப் போட்டார். என் கிடாரும் அவர் செல்லோவும் அரைக் கட்டை தள்ளி, பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டு ரயில் போன மாதிரி இருந்தது. ஜெர்மன் செவ்வியல் மரபில் 'பே' என்றால் பி ஃபிளாட். நாம் சொல்லும் பி அவர்களுக்கு 'ஹா', அதாவது எச் எழுத்து. பாட்டை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் அந்த வாரம் வீணாகியிருக்காது. இன்னொன்று, ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராக்கள் பெரும்பாலும் 443 ஹெர்ட்ஸ் பக்கம் சுருதி வைப்பவை. உங்கள் டியூனர் 440இல் இருக்கும். எதில் பதிகிறோம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

"சென்னையில் இருக்கும் நண்பரை இணையத்திலேயே சேர்த்து நேரலையாக வாசித்தால் என்ன?" என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. தூரம் 7,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படியென்றால் ஒருவழிக்கே 35 மில்லி நொடி, மற்றத் தாமதங்கள் தனி. 25, 30 மில்லி நொடியைத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கும். ஒரே ஊருக்குள் என்றால் 'ஜாமுலஸ்' போன்ற இலவச மென்பொருளில் ஓரளவு ஒத்திகை பார்க்கலாம். சென்னைக்கு மெட்ரோனோம் தட்டோடு சேர்ந்த பதிவை அனுப்பி, அவர் வாசித்ததைத் தனிக் கோப்பாக வாங்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், எல்லாக் கோப்பும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து.

வீட்டில் பதிவதென்றால் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2018இல் ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு ட்ரம்பெட் கலைஞர் வழக்கில், வேலை நாளில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாளில் ஒன்று இரண்டு மணி நேரம் வீட்டில் வாசிப்பதை ஒரு தோராய அளவாகச் சொன்னது. இரவில் கூடாது. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) ஒலி சுவரைத் துளைத்துப் போகும். கீழ்வீட்டாரிடம் தேதியை முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை அறைக்குப் போய்விடுங்கள்.

முதல் நாளே பதிவு செய்யுங்கள், ஒத்திகைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். இரண்டு நாளுக்குள் அரைகுறை மிக்ஸாவது எல்லோருக்கும் போய்ச் சேரட்டும். தன் வாசிப்பைக் கேட்டவர் அடுத்த பாட்டு எப்போது என்று அவரே கேட்பார். இணையத்தில் ஏற்றினால் யார் பெயர் எப்படி வரும், பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை அன்றே நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி, காசு என்று வளர்ந்தால் வேலை விசாவில் இருப்பவர் முதலில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

அப்புறம், செல்லோக்காரர் ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு ஐம்பத்தைந்துக்கு அழைப்பு மணி அடிக்கும். மைக்கை அதற்கு முன்பே மாட்டி வையுங்கள்.