கனமான கேமராவுக்கு எந்த ட்ரைபாட் வாங்கலாம்?

"கேமராவும் லென்ஸும் சேர்ந்து இரண்டரைக் கிலோ வருகிறது. இயற்கைக் காட்சிகள்தான் எடுப்பேன். 12 கிலோ தாங்கும் என்று போட்ட ட்ரைபாட் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. சாதாரணமாக இந்த மாதிரிக் கேள்விகளைப் படித்துவிட்டுக் கடந்து போய்விடுவேன். இதை அப்படி விட மனம் வரவில்லை. இதே இரண்டரைக் கிலோவை, இதே 12 கிலோ கணக்கை நம்பி நிறுத்தித்தான் நான் ஒரு வருடத்துப் படங்களைத் தொலைத்தேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. பாடிக்கும் லென்ஸுக்கும் கையில் இருந்ததெல்லாம் போயிருக்கும். மிச்சத்தில் ட்ரைபாட் வாங்க வேண்டும். பெட்டியின் மேல் 12 கிலோ என்று இருக்கிறது, நம்முடையது இரண்டரைதானே, ஐந்து மடங்கு தாங்குமே என்று மனம் சமாதானம் ஆகிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது.

என்னிடம் இருந்தது 45 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி இருக்கும் கேமரா. பாடி மட்டுமே 1 கிலோ. அதோடு தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 எஃப் 2.8 டெலி லென்ஸ், கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடலுக்குள் தனியாக நிற்கிற ஒரு பாறை மேல் எனக்கு ஆசை. விடிவதற்கு முன் அந்தப் பாறைக்குப் பின்னால் வானம் வெளுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம், அதுதான் வேண்டும். அதற்காக இருட்டில் எழுந்து நான்கு முறை போனேன்.

நான்கு முறையும் ஒரே கதை. அகலமாகக் காட்டும் 24 மிமீ வைட் லென்ஸில் எடுத்தவை நன்றாக வந்தன. அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தவையும் பரவாயில்லை. டெலியை 200 மிமீ-இல் வைத்து, அரை விநாடிக்கும் 1/8 விநாடிக்கும் நடுவில் எடுத்தவை மட்டும் ஒன்றுகூடத் தேறவில்லை. திரையில் பெரிதாக்கினால் பாறையின் ஓரம் மேலும் கீழுமாக இரண்டு கோடாகத் தெரிந்தது. ஃபோகஸ் தப்பினால் ஓரம் பஞ்சு மாதிரி மெத்தென்று ஆகும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு விளிம்புக்கும் பக்கத்தில் இன்னொரு நிழல் விளிம்பு. விடை அந்த இரட்டைக் கோட்டிலேயே இருந்தது. அன்று எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

வைட் லென்ஸில் சரியாக வருகிறது, டெலியில் வரவில்லை, அப்படியானால் டெலி லென்ஸ்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டி சர்வீஸுக்கு அனுப்பினேன். குறை எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது. நம்பாமல் மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பதில். இதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்த இடத்தில் சூரியன் உதிக்கும் திசையே நகர்ந்துவிட்டது. நான் நினைத்த படம் அடுத்த வருடம்தான் என்று ஆனது.

அடுத்த வருடம் போனபோது கூட வந்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு மூத்த புகைப்படக்காரர். ஃபிலிமில் மீடியம் ஃபார்மேட் என்கிற பெரிய கேமராவை வருடக்கணக்காகத் தூக்கி அலைந்தவர். நான் லென்ஸைப் பற்றிப் புலம்புவதைப் பாதி கேட்டதும் நிறுத்தினார்.

"தம்பி, லென்ஸை விடு. லைவ் வியூ போட்டு பத்து மடங்கு பெருசாக்கு."

காட்சியைப் பின்பக்கத் திரையில் நேரடியாகக் காட்டுவதுதான் லைவ் வியூ. பெரிதாக்கியதும் பாறையின் ஒரு விளிம்பு திரை முழுக்க வந்தது. அவர் குனிந்து ட்ரைபாட்டின் ஒரு காலை விரல் நகத்தால் லேசாகத் தட்டினார். கதவைக்கூட அவ்வளவு மெதுவாக யாரும் தட்ட மாட்டார்கள். திரையில் பாறை மீட்டிவிட்ட தந்தி மாதிரி அதிர்ந்தது. அவர் சத்தமாக எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு சொல்லும்போதும் விளிம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் என் கேமராவைக் கழற்றித் தன் ட்ரைபாட்டில் மாட்டி, அதே மாதிரி தட்டினார். ஒன்று என்று வாய் திறப்பதற்குள் பாறை நின்றுவிட்டது.

"விழாம நிக்கிறது வேற, ஆடாம நிக்கிறது வேற. பெட்டியில போட்டிருக்கிறது விழாம நிக்கிற கணக்கு."

அன்றைக்கு அவர் ட்ரைபாட்டிலேயே அந்தப் பாறையை எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த சிப்பிகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம்.

சரி, ஏன் இப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி மேல் போடும் கிலோ கணக்கை எல்லா நிறுவனமும் ஒரே முறையில் சோதித்துப் போடுவதில்லை. ஒருவருடைய 12 இன்னொருவருடைய 25-ஐ விட உறுதியாக இருக்கலாம். அந்த எண்ணை வைத்து இரண்டு ட்ரைபாட்டை ஒப்பிடவே முடியாது.

அடுத்தது, எவ்வளவு சின்ன அசைவு படத்தைக் கெடுக்கும் என்பது. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 200 மிமீ லென்ஸ் வைத்தால், ஒரு டிகிரியில் 800-இல் ஒரு பங்கு திரும்பினாலே காட்சி ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, நகர்ந்துவிடும். 24 மிமீ-இல் அதே ஒரு பிக்சலுக்கு 100-இல் ஒரு பங்கு திரும்ப வேண்டும். என் வைட் படங்கள் பிழைத்ததும் டெலி படங்கள் போனதும் இதனால்தான். லென்ஸின் மேல் குற்றமே இல்லை. டிஎஸ்எல்ஆரில் படம் எடுக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போய் அடிக்கிற அடி வேறு. அந்த அதிர்வு ஷட்டர் திறந்த முதல் கணத்தில்தான் இருக்கும் என்பதால் 30 விநாடிப் படத்தில் அது கணக்கிலேயே வராது. 1/8 விநாடியில் படம் முழுக்க அதுதான். மேலும் கீழுமாக இரட்டைக் கோடு விழுந்தது இதனால்.

இனி வாங்கும்போது எதைப் பார்ப்பது. முதலில் கால் குழாயின் பருமன். குழாயின் சுவர்க் கனம் ஒன்றாக இருந்தால், வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தை மூன்று முறை பெருக்கிய (முப்படி) கணக்கில் ஏறும். 22 மிமீ குழாயை விட 32 மிமீ குழாய் ஏறக்குறைய 3 மடங்கு விறைப்பு. உங்கள் கேமராவின் எடைக்கு, காலின் மேல்பகுதிக் குழாய் 32 மிமீ-க்குக் குறையாமல் பாருங்கள். அதை விட முக்கியம் கடைசி அடுக்கு, அதாவது தரையைத் தொடுகிற மெல்லிய குழாய். என் பழைய ட்ரைபாட்டில் அது சுண்டு விரல் பருமன்தான் இருந்தது. கால் 3 அடுக்கா 4 அடுக்கா என்று கேட்டால், பைக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லாத வரை 3 என்றுதான் சொல்வேன். மூட்டும் குறைவு, கடைசிக் குழாயும் பருமனாக இருக்கும்.

நடுத்தண்டு, அதாவது கால்களுக்கு நடுவில் மேலே ஏற்றுகிற கம்பி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது, இல்லாததை வாங்குங்கள். மூன்று காலை அகட்டி வைத்து அடித்தளம் போட்டுவிட்டு, அதன் மேல் ஒற்றைக் கம்பியில் கேமராவை ஏற்றினால் அப்புறம் மூன்று கால் எதற்கு? ஒரு முனை பிடித்த கம்பியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதே தள்ளலுக்கு 8 மடங்கு வளையும். பெரும்பாலான ட்ரைபாட்டில் போடும் உயரம் நடுத்தண்டை முழுக்க ஏற்றிய உயரம் என்பதையும் கவனியுங்கள். உங்கள் கண் உயரத்திலிருந்து 20 செமீ கழியுங்கள், பால்ஹெட்டும் (காலுக்கு மேல் கேமராவைத் திருப்பிப் பூட்டும் தலை) கேமராவும் அதில் அடங்கிவிடும். நடுத்தண்டு ஏற்றாமல் கால்கள் அந்த உயரம் வந்தால் போதும். அதுகூட எப்போதும் தேவைப்படாது. நிலக்காட்சியில் பாதிப் படம் இடுப்புக்குக் கீழேதான் எடுக்கிறோம்.

பொருள் என்று பார்த்தால், ட்ரைபாட்டுக்குக் கார்பன் ஃபைபரை முதலில் கொண்டுவந்தது கிட்ஸோ நிறுவனம், 1994-இல். இன்று பல பேர் செய்கிறார்கள். எடை குறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், குளிரில் கையை உறைய வைக்காது. அதற்காக அலுமினியம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். வண்டியிலிருந்து இறங்கி நூறு அடி நடப்பவர் என்றால் மெல்லிய கார்பனை விடப் பருமனான அலுமினியம் மேல். எடை பொருட்டே இல்லை என்பவர்களுக்கு மர ட்ரைபாட்டும் இருக்கிறது. ஜெர்மனியின் பெர்லெபாக் நிறுவனம் இன்றும் ஆஷ் மரத்தில் செய்கிறது. மரம் அதிர்வை விழுங்குவது போல உலோகம் விழுங்காது.

பால்ஹெட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். நல்ல காலின் மேல் மட்டமான பால்ஹெட்டை வைத்தால் எல்லாம் வீண். பூட்டியதும் காட்சி சரிகிறதா என்று பாருங்கள். டெலி லென்ஸை மாட்டி, ஒரு பாறை உச்சியை நடுவில் வைத்துப் பூட்டிக் கையை எடுங்கள். உச்சி கீழே இறங்கினால் அந்த ஹெட் வேண்டாம். கேமராவின் அடியில் மாட்டும் பிளேட் ஆர்கா ஸ்விஸ் வகையாக இருக்கட்டும், 38 மிமீ அகலத்தில் வரும் அந்த அளவுதான் இப்போது பொது அளவு மாதிரி ஆகிவிட்டது. செங்குத்துப் படங்கள் நிறைய எடுப்பீர்கள் என்றால் எல் பிராக்கெட் வாங்கிவிடுங்கள், கேமராவைப் பக்கவாட்டில் தொங்கவிடாமல் செங்குத்தாக மாட்ட உதவும் எல் வடிவப் பிளேட் அது. கனமான கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்துத் தொங்கவிட்டால் எந்த ட்ரைபாட்டும் திணறும்.

இப்போதே சிலர் கிளம்பி வருவார்கள் என்று தெரியும். "கேமராவுக்குள்ளேயே நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, இந்தக் காலத்தில் யார் இரண்டரைக் கிலோ ட்ரைபாட் தூக்குகிறார்கள்?" கையில் பிடித்து அரை விநாடியில் கூர்மையாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ட்ரைபாட் ஆடாமல் வைப்பதற்கு மட்டும் இல்லை. ஃப்ரேமை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, அலை எங்கே வந்து உடைகிறது என்று இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும்தான். இன்னொன்று, நான் எந்த நிறுவனத்துக்கும் ஆள் இல்லை. அதனால்தான் இந்த மாடலை வாங்குங்கள் என்று சொல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன். உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன மிரர்லெஸ் கேமரா, ஒரே வைட் லென்ஸ் என்பவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. கேட்டவர் கேமராவும் லென்ஸும் இரண்டரைக் கிலோ என்று சொன்னதால் அதற்கு எழுதியது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணன் ட்ரைபாட்டில் எடுத்தேன் என்றேனே, அந்தப் பாறைப் படத்தை ஒரு பயண நிறுவனம் எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. ஓரத்தில் இருந்த என் பெயரைச் சரியாக வெட்டி எடுத்துவிட்டார்கள். கேட்டு எழுதினால், "நெட்ல கிடைச்சது சார்" என்று ஒற்றை வரிப் பதில். வெட்டியவருக்கு அங்கே பெயர் இருந்தது தெரியாமலா இருக்கும்? பணம்கூட நான் கேட்கவில்லை. பெயரைப் போடுங்கள் என்றுதான் கேட்டேன். இன்றுவரை போடவில்லை. இரண்டு வருட விடியல் அதற்குள் இருக்கிறது. படம் எடுப்பவர்கள் தவிர வேறு யாருக்கும் இது திருட்டாகத் தெரிவதில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவையும் இருப்பதிலேயே நீளமான லென்ஸையும் எடுத்துக்கொண்டு போய், அந்த நகத் தட்டல் சோதனையைச் செய்துவிடுங்கள். லென்ஸுக்கே ட்ரைபாட்டில் மாட்டும் தனிப் பிடி இருந்தால் பாடியை மாட்டாமல் அந்தப் பிடியையே மாட்டுங்கள். தட்டிவிட்டு எண்ணுங்கள். இரண்டுக்குள் அடங்காத எதையும் நான் வாங்க மாட்டேன். கேமரா கொண்டுபோக முடியாவிட்டால், ட்ரைபாட்டை முழு உயரத்துக்கு நிறுத்தி, தலைப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். கால்கள் முறுக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும்.

நான் இப்போது வைத்திருப்பது 3 அடுக்குக் கார்பன், நடுத்தண்டு இல்லை. கால் மட்டும் 2 கிலோ, பால்ஹெட் அரைக் கிலோவுக்கு மேல். மேடேறும்போது தோள் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அதை விட்டுவிட்டுப் போனதில்லை. காற்று அடித்தால் கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுவேன், அது படபடத்தே கேமராவை ஆட்டும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட்டையும் கழற்றுவேன். பையை ட்ரைபாட்டின் கொக்கியில் தொங்கவிடுவதாக இருந்தால் அடி தரையைத் தொடும்படி விட வேண்டும். அந்தரத்தில் விட்டால் ஊசல் மாதிரி ஆடி, இருப்பதையும் கெடுக்கும். மிரர் லாக்கப் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைப்பது), 2 விநாடி டைமர் (பொத்தானை அழுத்திக் கையை எடுத்த பிறகு படம் எடுப்பது) இரண்டையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்குப் போவீர்கள் என்றால் இன்னும் ஒன்று. ஈர மணலில் காலை வெறுமனே வைத்தால், அலை திரும்பும்போது அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். 30 விநாடிப் படத்துக்கு நடுவிலேயே ட்ரைபாட் இறங்கும். ஒவ்வொரு காலையும் இனிமேல் இறங்காது என்கிற வரை அழுத்திப் புதைத்துவிட்டு அப்புறம் ஃப்ரேம் வையுங்கள். மற்ற இடங்களில் கடைசி மெல்லிய அடுக்கைக் கடைசியாகத்தான் நீட்ட வேண்டும். இங்கே மட்டும் அதை முதலில் நீட்டிக்கொள்ளுங்கள், மூட்டு தண்ணீருக்கு மேலே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மூட்டுகளைத் திருகிக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இரண்டு நாள் கழித்துச் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள், அதற்குள் உப்பு இறுகிவிடும்.